தண்ணீர் தொடாத மாத்திரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், மலாயாவின் ஈப்போவில் முத்துராமன் செட்டியாரின் மருந்துக்கடைப் பின்கட்டில் கை அச்சால் குளிர்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை அடித்தவள் இருளாயி. புருஷன் செத்தபின் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டை விட்டு வந்தவள்.

மருந்து அச்சில் ஒட்டாமலிருக்க ஒரு வெள்ளைத் தூளைச் சிட்டிகையளவு கலப்பார்கள். கொழுப்பும் உலோக உப்பும் சேர்ந்த சவர்க்காரம் என்றார் செட்டியார். என்ன சவர்க்காரமோ! நுரைக்காது. அதைப் பூசிய கையைத் தொட்டியில் முக்கி எடுத்தால் காய்ந்தே வரும். முதல் நாள் அந்தக் கையைப் பிறத்தியார் கை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைமழையில் மருந்து ஈரம் கோத்து அச்சில் ஒட்டி, மாத்திரைகள் முகம் பிய்ந்து விழுந்தன.

"அம்மை போட்ட மாத்திரையையா விக்கிறது?" என்றார் செட்டியார்.

அவள் சிட்டிகைக்குப் பதில் அந்த வெள்ளைத் தூளை அள்ளிப் போட்டாள். மாத்திரைகள் முத்தாக வழுக்கி வந்தன.

தோட்டத்தில் தம்பி பத்துமலைக்குக் குளிர்காய்ச்சல் என்றதும் அதில்தான் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். காய்ச்சல் நிற்கவில்லை. அவள் கூலிகளின் வரிசைவீடான லயத்துக்குப் போனபோது அவன் கண் செருகிக் கிடந்தான். தலைமாட்டில் பேயோட்ட வந்த கோடாங்கி சின்னையா, உடுக்கையும் வேப்பிலையுமாக.

"மதினி, இதப் பாருங்க." தம்பி மனைவி நவமணி ஒரு மங்குக் கிண்ணத்தை நீட்டினாள். "காலையில முழுங்கினது. இப்ப வாந்தியில அப்படியே வருது."

அச்சின் கோடுகூட அழியாமல் மாத்திரைகள் மின்னின.

"காட்டுல உள்ளது உள்ள உக்காந்து மருந்தத் துப்புதுலா," என்றார் சின்னையா.

இருளாயி கிண்ணத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் துடைத்தாள். அதன்மேல் தண்ணீரைச் சொட்டவிட்டாள். அவள் அள்ளிப்போட்ட அந்தத் தூள்மேல், சேம்பிலையில் விழுந்ததுபோல் துளி உருண்டோடியது. உள்ளே உட்கார்ந்திருப்பது யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உடுக்கய அடிக்காதீங்க அண்ணே. பேய் நான்தான்."

"ஒன்னயும் பிடிச்சிருச்சா?"

டப்பாவில் மீந்த மாத்திரைகளை அம்மியில் நுணுக்கி, எலுமிச்சைச் சாற்றில் குழைத்துத் தம்பி நாக்கில் தடவினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் முகம் கோணியது.

"என்னக்கா இது, இப்படிக் கசக்குது!"

"கசக்கட்டும்டா. முழுங்கு."

வேளை தவறாமல் புகட்டினாள். முறைக்காய்ச்சல் வரவேண்டிய மத்தியானம் வந்தது, குளிர் வரவில்லை. இருளாயி அவன் காலைப் பிடித்தபடியே இருந்தாள். கீழ் லயத்தில் உடுக்கை ஒலித்தது.

"அங்க யாருக்கு?"

"சீனி மகளுக்கு. கணக்கெழுதுற கிராணி வாங்கிக் குடுத்த ஒங்க கடை மாத்திரதான், மதினி. அதுவும் முழுசா வருதாம்."

இருளாயி வாசலுக்கு வந்தாள். ரப்பர் மரங்களுக்கு அப்பால், எந்தெந்த லயமென்று தெரியாமல், உடுக்கைகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோலிருந்தது. கீழ் லயத்தைப் பார்த்து ஓடினாள்.