பிரிங் அழகமுத்து

பித்தளை வில்லை பதித்த தொப்பி ஒன்று. முழங்கால் வரை நீண்ட காக்கிக் கோட்டு ஒன்று. மழை நாளில் நனையாத வராந்தாவில் உட்கார ஒரு பெஞ்சு. குடை மாட்டத் தனி ஆணி. கல்யாணப் பத்திரிகை ஒன்றின் உறையில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்'. ஆபீஸ் பின்கட்டில் இரண்டு அறை வீடு. இந்த ஆறையும் என் தம்பி அழகமுத்து ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்காராமல், எந்தக் கங்காணியின் சிபாரிசும் இல்லாமல், ஒரே ஓர் இங்கிலீசுச் சொல்லைக் கொண்டு வென்றான். அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. மற்ற ஐந்தையும் நேரில் பார்த்திருக்கிறேன். தம்பி என்பதற்காக மிகைப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாங்கள் கண்டிக்குக் கிழக்கே ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். என்னைவிட நான்கு வயது இளைய தம்பியை, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில், பங்களாவில் துரையின் நாய்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் அவன் அந்தச் சொல்லைக் கண்டான். துரை வராந்தாவில் உட்கார்ந்து 'பிரிங்' என்பார். தேநீர் வரும். மறுபடி 'பிரிங்' என்பார். காலுக்குச் சப்பாத்து வரும், குதிரை வரும். ஒருநாள் கூலியாட்களையெல்லாம் ஆட்டிவைக்கும் பெரிய கங்காணியே தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

தம்பி எதையும் ஆராயாமல் ஏற்கமாட்டான். மற்ற சொற்களையும் பார்த்தான். "அக்கா, 'கோ'ன்னு சொன்னா போனது திரும்பி வராது. 'கிவ்'ன்னு சொன்னா அவன் மனசு வச்சாத்தான் குடுப்பான். 'பிரிங்'னு சொன்னா மட்டும் எல்லாம் நம்மகிட்ட வருது. இது ஒண்ணு போதும்" என்றான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று. படித்தவர்கள் பலர் இங்கிலீசில் இரண்டாயிரம் சொல் கற்று, ஒன்றும் கைக்கு வராமல் இருப்பதைப் பிற்காலத்தில் கண்டியில் பார்த்தபோது, அவன் சொன்னது சரிதான் என்று எனக்குப் பட்டது.

நான் கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த பிறகு அவனையும் அழைத்துக்கொண்டேன். மழைநீரும் சாக்கடையும் ஓடும் கான் வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தான். தெருக்களையும் கான்களையும் பார்க்கும் அந்த ஆபீஸின் பெயர் இங்கே வேண்டாம். 1927 நவம்பரில் ஒருநாள் வாவிக்கரையில் பெரிய கான் அடைத்துக்கொண்டது. புதிதாக வந்த இஞ்சினியர் துரை மழையில் நின்று நீளநீளமாகப் பேசினார். முப்பது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி முன்னால் போய், "பிரிங் ரோப். பிரிங் பக்கெட். பிரிங் டூ மேன்" என்றான். கயிறும் வாளியும் ஆட்களும் வந்தன. கான் திறந்தது. துரை வேலையை மேற்பார்க்கும் ஓவசியரைப் பார்த்து, இந்த மனிதனை நாளைக்கு ஆபீசுக்கு 'பிரிங்' என்றார். தன் சொல்லைத் தன்னைப் பற்றியே துரை வாயால் கேட்டவன் கண்டியில் அவன் ஒருவன்தான்.

இப்படித்தான் அவன் பியூன் ஆனான். அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் முன்வாசலால் வந்து, மேசையில் இருக்கும் வரவுப் புத்தகத்தில் பெயர் எழுதுவார்கள். தெரியாதவர்கள் பின்பக்க ஜன்னலுக்குப் போய் மையில் பெருவிரலைத் தோய்த்து வைப்பார்கள். ஜன்னல்காரர்கள் யாரும் வராந்தாவில் உட்காரக்கூடாது. முதல் நாள் தலைமைக் கிளாக்கர் பொன்னுத்துரை புத்தகத்தைத் தம்பியின் பக்கம் தள்ளினார். தம்பி அதைப் பார்த்து, "பிரிங் லேட்டர்" என்றான்.

பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், மிகவும் மரியாதையானவர். இங்கிலீசு பேசுகிறவனிடம் எழுதத் தெரியுமா என்று கேட்பது மரியாதையாகாது என்று நினைத்தார். ஜன்னலுக்குப் போகச் சொல்லவும் நாக்கு எழவில்லை. தாமே 'வந்தார்' என்று எழுதிவிட்டார். மறுநாளும் எழுதினார். ஆறு ஆண்டு நான்கு மாதம் எழுதினார்.

அந்தக் காலத்தில் கண்டிக் கடைத்தெருவில் தம்பியின் பெயர் 'பிரிங் அழகமுத்து'. மழை வருமா என்று கேட்க "ரெயின் பிரிங்?" என்பான். ஊர்ச் செய்தி கேட்க "நியூஸ் பிரிங்?" என்பான். நனைந்த குடையோடு உள்ளே நுழையும் மனுக்காரர்களுக்கும் ஆடுகளுக்கும் "நோ பிரிங்" ஒன்றுதான். மனுக்காரர்கள் உடனே குடையை மடக்கினார்கள். ஆடுகளுக்கு இங்கிலீசின் அருமை தெரியவில்லை.

தேநீர்க்கடை முனாப் நானாவிடம் "பிரிங் பிளேன் டீ" என்றால், "இங்கிலீசுல கேட்டா தேத்தண்ணி வேற ருசியா ஈக்குமா தம்பி?" என்பார். ஆனால் வரிசையில் நிற்கும் மற்றவர்களை விட்டுவிட்டு முதலில் அவனுக்குத்தான் ஊற்றுவார். அந்தச் சொல் செல்லாத இடம் ஒன்றே ஒன்று. அவன் மனைவி கமலம் தெல்தோட்டைப் பெண். வீட்டில் "பிரிங் வாட்டர்" என்றால், "ஒங்க காலு ஆபீசுலயா இருக்கு? எந்திரிச்சு மொண்டுக்கங்க" என்பாள். அவனும் எழுந்து போய் மொண்டுகொள்வான்.

1934 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஆபீசுக்குள் வேலை செய்யும் ஒவ்வொருவரும் பரிசோதிக்க வரும் அதிகாரி முன்னால் தம் கையால் பெயர் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கான் வெட்டப் போக வேண்டும். நான் முதலில் சொன்ன ஆறும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கின.

அதிகாரி ஒரு சனிக்கிழமை வந்தார். சனிக்கிழமைகளில் ஒரு மணிக்கு ஆபீஸ் மூடும். தம்பியின் முறை வரும்போது பன்னிரண்டே முக்கால். அடுத்து நடந்ததை நான் தம்பியிடமும் கேட்டேன், பொன்னுத்துரையிடமும் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்திருந்தது.

அதிகாரி பேனாவை நீட்டினார். தம்பி வாங்கி முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பிரிங் நியூ நிப்" என்றான். அதிகாரியே கேட்டதாக நினைத்து ஒரு கிளாக்கர் ஓடினார். நிப்பு வந்தது. "பிரிங் இங்க்" என்றான். மை வந்தது. "பிரிங் பிளாட்டிங்" என்றான். மை ஒற்றும் தாள் அலுமாரியில் இருந்தது, அலுமாரிச் சாவி வேறோர் அறையில் இருந்தது, இரண்டும் வந்தன. கடைசியாக "பிரிங் சேர்" என்றான். பியூன் உட்காரக் கதிரை கேட்டது அந்த ஆபீசில் அதுவே முதல் தடவை. கிளாக்கர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் இங்கிலீசில் கேட்டதை இல்லையென்று சொல்ல அவர்களில் யாருக்கும் துணிவில்லை. கதிரை வந்து இறங்கவும் ஒரு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அதிகாரிக்கு ஹோட்டலில் சாப்பாடு காத்திருந்தது. இவ்வளவு கவனமான மனிதனை அவசரப்படுத்தக்கூடாது, திங்கட்கிழமை ஆகட்டும் என்று சொல்லி எழுந்து போனார்.

பொன்னுத்துரை தம்பியை வாசலில் பிடித்துக்கொண்டார். "நீர் கையெழுத்து வைப்பீர்தானே?"

"வைப்பேங்க ஐயா. திங்கக்கெழம."

"ஆறு வருசமா உமக்கு நான் எழுதிப்போட்டனான். நீர் வைக்காட்டி என்ரை கதையும் முடிஞ்சுது, கண்டீரோ."

ஞாயிறு காலை என் கணவர் கடைத்தெருவில் கேட்டு வந்து சொன்னதும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தம்பி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முனாப் நானா சீனி சுற்றும் தாள் ஒரு கட்டு கொடுத்திருந்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லையாம். நான் அவன் பெயரின் ஆறு எழுத்தையும் பெரிதாக எழுதி வைத்தேன். அவன் பார்த்தான். பிறகு பழக்கத்தில், யாரையும் பார்க்காமல், மெதுவாக, "பிரிங் பென்சில்" என்றான்.

கமலம் எழுந்து போய்ப் பென்சிலைச் சீவிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் தலை குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு அன்று முழுதும் அவன் இங்கிலீசு பேசவில்லை. 'ழ' மட்டும் பிடிவாதம் பிடித்தது. நாய்க்குட்டி சுருண்டு படுத்த மாதிரி வந்தது, பிறகு நாய்க்குட்டி எழுந்து நின்ற மாதிரி வந்தது. "இதுக்கு வேற எழுத்துப் போட்டா ஆகாதா அக்கா?" என்றான். ஆகாது என்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் தாள்களை எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு தடவை எழுதியிருந்தான். கடைசி ஒன்பது தடவை பிழையில்லை.

திங்கட்கிழமை அவன் அந்தக் கதிரையில் உட்கார்ந்தான். நிப்பு, மை எதையும் குறை சொல்லவில்லை. ஆறு எழுத்தையும் எழுதி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்றாம். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எழுதியதைப் பாராமலே தாளால் ஒற்றி, "குட். பிரிங் த நெக்ஸ்ட் மேன்" என்றார். தம்பி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்தவனைக் கூட்டிவரப் போனான்.

பொன்னுத்துரைதான் அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். தம்பி திரும்பி வந்ததும் குரலைத் தாழ்த்தி, "அழகமுத்து, உமக்குத் தமிழும் தெரியுமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சங் கொஞ்சம் வருதுங்க ஐயா" என்றான் தம்பி.

அன்று முதல் வரவுப் புத்தகத்தில் பொன்னுத்துரை அவனுக்காக 'வந்தார்' என்று எழுதவில்லை; அவனே பெயர் எழுதினான். அவன் எழுதிய முதல் வரிக்கு எதிரே அவர் கையால் குறித்த நாள்: 1934 மார்ச் 12.