குற்றாலத்தில் சிறுத்தை கிடையாது

குற்றாலத்தில் சிறுத்தை கிடையாது. இதை நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் புறவாசலில், சிறுத்தையின் காலடித் தடத்துக்கு ஒரு முழம் தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு காட்டிலாகா அதிகாரி சொன்னது.

பார்த்தவள் என் மகள். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சாய்ப்புக் கூரைக்கு அடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். ஐந்தருவிப் பக்கம் மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் வீடு. புறவாசல் சுவருக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு, அதைத் தாண்டினால் காடு. போனவள் துணியில்லாமல் திரும்பி வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். "ப்பா, சுவத்து மேல சிறுத்தை உக்காந்திருக்கு" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் டார்ச்சோடு போவதற்குள் சுவர் காலி. கீழே ஈரமண்ணில் மூன்று தடம் இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தடம் கிட்டத்தட்ட நிறைந்தது.

அதிகாரி மறுநாள்தான் வர முடியும் என்றார். சாரல் தடத்தை அழித்துவிடக் கூடாதே என்று பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, மேலே செங்கல்லும் வைத்தேன். இங்கே எங்கள் ஊர்ப் பிழைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீசன் முடிகிறவரை வீட்டின் முன்பகுதியை அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் பின்கட்டில் ஒண்டிக்கொள்வோம். மறுநாள் காலை, அதிகாரி வருவதற்கு முன்னால், ஒரு பார்ட்டி காலி செய்துவிட்டுப் போனது, மதியம் அடுத்த பார்ட்டி வர இருந்தது. இடையில் விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் துவைத்தாக வேண்டும். என் மனைவிக்குப் பேசின் வேண்டியிருந்திருக்கிறது. எடுத்துவிட்டாள். எடுத்ததோடு நில்லாமல் அங்கேயே உட்கார்ந்து துவைத்தும் முடித்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "வாறவங்களுக்குத் தடத்தையா விரிச்சுப் போட?" என்று அவள் என்னையே கேட்டாள். சுவரோரம் ஒரே ஒரு தடம் மட்டும் பாதி அழிந்து தப்பியிருந்தது.

அதிகாரி குனியக்கூட இல்லை. நாய் என்றார். நாய் என்றால் நகம் பதியுமே, இதில் நகம் எங்கே என்று கேட்டேன். அப்படியானால் காட்டுப்பூனை என்றார். இத்தனை அகலத்திலா? ஈரத்தில் தடம் விரியும் என்றார். சரி, ஒரு கேமராவாவது வையுங்கள் என்றேன். சிறுத்தை இருப்பது உறுதியான இடத்தில்தான் கேமரா வைக்க முடியுமாம். எப்படி உறுதி செய்வீர்கள்? கேமராவில் விழுந்தால். முட்டிக்கொள்ளச் சுவர் பக்கத்திலேயே இருந்தது. தெருமுனையில் வனவிலங்கு நடமாடும் பகுதி என்று போர்டு நட்டதே நீங்கள்தானே என்றேன். அது பொதுவான போர்டாம்.

அதெல்லாம்கூடப் போகட்டும். கிளம்பும்போது தெருவே கூடி நிற்க, "பாப்பா பயந்துட்டுது அண்ணாச்சி. மொபைல்ல எதையாவது பாத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சிலிருந்து மியாவ். சும்மா சொன்னேன் என்று ஒத்துக்கொள், விட்டுவிடுவார்கள் என்று கூட்டாளிகள் சொன்னார்களாம். "பாத்தத பாக்கலன்னு எப்படிப்பா சொல்ல?" என்று என்னிடம் கேட்டாள். என் மகள் பொய் சொல்லவில்லை என்று இந்த ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். கூண்டு வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம், எனக்கு அது ஒன்று போதும்.

அடுத்தடுத்து நான்கு திங்கட்கிழமை தென்காசிக்குப் பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். அங்கே மனு எழுதித் தருகிறவர், சிறுத்தை என்று எழுதவா, சிறுத்தை போன்ற விலங்கு என்று எழுதவா என்று கேட்டார். பதிலும் ஒருவழியாக வந்தது. மேற்படி இடத்தில் மேற்படி விலங்கின் நடமாட்டம் இல்லை. இதற்குள் எங்கள் தெருவில் மூன்று நாய்களைக் காணவில்லை. மேற்படி நாய்கள் எங்கே போயின என்று எழுத யாருக்கும் வாய்க்கவில்லை.

ஊர்க்காரர்களாவது ஒழுங்கா? பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் போன வருஷம் சிறுத்தையைத் தன் கண்ணால் பார்த்தவர். என்னிடம் அதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னவரும் அவர்தான். சாட்சிக்கு ஒரு கையெழுத்துக் கேட்டேன். சீசன் முடியட்டும் அண்ணாச்சி, இப்போது வெளியே தெரிந்தால் ஈ காக்கா வராது என்றார். "நீரு சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கீரு?" என்று கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தேன். வீட்டில் வந்து சொன்னதும் மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

ஆடி பிறந்தும் அருவியில் தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருந்தது. முன்பகுதி வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கடைசியில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். இரண்டாம் நாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போய்வந்த அந்த மனிதர் நேரே என்னிடம் வந்தார். இங்கே சிறுத்தை வருகிறதாமே, அப்படியென்றால் இப்போதே கிளம்பிவிடுகிறோம் என்றார். அவர் மனைவி அதற்குள் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் காட்டுப்பூனைங்க. ஆபீசரே வந்து பாத்துச் சொல்லிட்டாரு" என்றேன். யோசித்துச் சொன்னேனா, தானாக வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காபி கொண்டுவந்து நின்ற என் மகளைப் பார்த்து, நீதான் பார்த்தாய் என்று டீக்கடையில் சொன்னார்களே என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. நான் ஒண்ணும் பாக்கல. அது பூனைதான்."

காபியை வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போனாள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த அவருடைய பிள்ளைகள் இரண்டையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரியும் பள்ளிக்கூடமும் சேர்ந்து அவள் வாயிலிருந்து வரவழைக்க முடியாததை நான் ஒரே நிமிஷத்தில் வரவழைத்துவிட்டேன். பிறகு அவரிடம் போய், அது சிறுத்தைதான், தடத்தில் நானே கை வைத்துப் பார்த்தேன், என் மகள் பார்த்தது சத்தியம் என்று சொன்னேன். அரைமணி நேரத்தில் காரை எடுத்தார்கள். மகள்தான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்ககிட்ட உண்மையச் சொல்லிட்டேன்ட்டி" என்றேன்.

"சரிப்பா" என்றாள். "ஆனா இனிமே எங்கிட்ட யாரு கேட்டாலும் நான் பூனைன்னே சொல்லிக்கிடுதேன்."

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.