எதிரணியின் பர்கர்

சூப்பர் மார்க்கெட்டில் பற்பசைப் பெட்டியை எடுத்தார். பின்பக்கம் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியில் பொடி எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். சுட்டது போல அலமாரியிலேயே திரும்ப வைத்தார்.

"இந்தப் பேரு அவனுங்க கோல்கீப்பர் கிளவுஸ்ல இருக்கு" என்றார் மனைவியிடம்.

மனைவி பதில் சொல்லாமல் தள்ளுவண்டியோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் கண்டுபிடித்த சிறந்த பதில் அதுதான்.

கணவருக்கு வயது ஐம்பத்தாறு. தொழில் லிஃப்ட் மெக்கானிக். கால்பந்து மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் அவரோடு உட்காரும் பச்சை அணி ரசிகர்கள் வைத்த பெயர் 'லேபிள்'. பச்சை அணிக்கு எந்தக் கம்பெனி பணம் கொடுக்கிறதோ அதன் சரக்கைத் தேடிப்பிடித்து வாங்குவார். சிவப்பு அணிக்குக் கொடுக்கிற கம்பெனியின் தீப்பெட்டிகூட வீட்டு வாசற்படி தாண்டாது. பச்சைச் சட்டையில் பெயின்ட் கம்பெனிப் பெயர் இருந்த நான்கு வருடத்தில் வீட்டுக்கு மூன்று முறை பெயின்ட் அடித்தார். பிறகு டயர் கம்பெனி வந்தது. வண்டி கிடையாது என்பதால் ஒரே ஒரு டயர் வாங்கி பால்கனியில் போட்டார். பக்கத்து வீட்டுப் பூனை அதில் தூங்குகிறது. இப்போது கூரியர் கம்பெனி. எதிர்த்தெருவில் இருக்கும் கொழுந்தியாளிடம் இரவல் வாங்கிய குடையைக் கூரியரில் திருப்பி அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, மழை விட்டபிறகு, அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

"நாம வாங்கலன்னா அவன் எதுக்கு நம்ம டீமுக்குக் குடுக்கறான், சொல்லுங்க" என்பார். கேட்பவர்களுக்கு இதில் ஏதோ கோணல் இருப்பதாகப் படும். எங்கே என்றுதான் பிடிபடாது.

இத்தனைக்கும் மைதானத்தில் சாது. நடுவரைத் திட்டியதில்லை. சிவப்பு அணிக்காரன் கால் பிசகி விழுந்தால் 'ஐயோ பாவம்' என்று முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். அவருக்கு மனிதர்களோடு சண்டை கிடையாது, பிஸ்கட்டோடுதான்.

கால் கட்டைவிரல் வீங்கி டாக்டர் தடை போட்டதிலிருந்து, அதாவது பன்னிரண்டு வருடமாக, கறி தொடுவதில்லை. அதற்கு முன்பு அவர் சாப்பிட்ட அழகைச் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கறியே போடாமல் கறி மாதிரி பர்கர் செய்கிற கடை நகரத்தில் ஒன்றுதான். அதன் பெயர் ஒன்பது வருடமாகச் சிவப்புச் சட்டையின் மார்பில், ஒரு சாண் அகலத்துக்கு, உட்கார்ந்திருக்கிறது. எனவே லேபிள் மேட்ச்சுக்கு வாழைப்பழம் கொண்டுபோகிறார்.

அவருடைய ஒரே மகள் வேலை பார்ப்பதும் அந்தக் கம்பெனியில்தான். தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில், புதுப் பண்டங்களைச் செய்து பார்க்கும் சமையலறையில். "வேலை வேற, வாங்கறது வேற" என்று அவர் தீர்ப்பளித்துவிட்டார். அந்தக் கட்டடத்து லிஃப்டை மாதம் ஒருமுறை சர்வீஸ் செய்வதும் அவர்தான். எண்ணெய் போடுவார், கயிறு பார்ப்பார், அங்கே குடிக்கத் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவார்.

போன செவ்வாய்க்கிழமை மொட்டைமாடி மெஷின் ரூமில் அவர் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மூடி போட்ட தட்டோடு மகள் வந்து நின்றாள்.

"அப்பா, ஒரே ஒரு வாய்."

"என்னது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நாளைக்கு டைரக்டருங்க சாப்பிட்டுப் பாக்கறாங்க. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் போச்சுன்னா என்னைக் கிச்சன்லேர்ந்து தூக்கி பில் போடற கவுன்ட்டர்ல உக்கார வெச்சிடுவாங்க."

"ஆபீஸ்ல யாரும் சாப்பிட்டுப் பாக்கலையா?"

"பாத்தாங்க. எல்லாரும் சூப்பர்ங்கறாங்க. அதான் பயமா இருக்கு."

அவள் முதன்முதலில் அடுப்பைப் பற்றவைத்த நாளிலிருந்து அவள் சமையலில் குறை சொன்னவர் அவர். அன்று அதற்காக அழுதவள், இன்று அதைத் தேடிப் படியேறி வந்திருந்தாள்.

"கடையில விக்கறதா இது?"

"இன்னும் விக்கல. பேரே வெக்கல. ஓகே ஆச்சுன்னா அடுத்த மாசம் உங்க பச்சை சிவப்பு மேட்ச்ல, கிரவுண்டுலயே விக்க ஆரம்பிப்பாங்க. இப்ப வெறும் பேப்பர்தான். வேணும்னா திருப்பிப் பாருங்க."

நிஜமாகவே திருப்பிப் பார்த்தார். சுற்றியிருந்த காகிதத்தில் ஓர் எழுத்தும் இல்லை. அவர் சட்டம் வாங்குவதைப் பற்றியது. பெயரில்லாததைத் தின்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒரு கடி கடித்தார்.

வெகுநேரம் மென்றார். பன்னிரண்டு வருடமாகக் கிடைக்காத ஒன்றுக்கு வெகு பக்கத்தில் வந்து, இரண்டடி தள்ளி நின்றிருந்தது அந்தப் பர்கர். என்ன குறை என்று நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டால் போதும். அவள் எதையும் மாற்றாமல் இப்படியே கொண்டுபோவாள், நாளை டைரக்டர்கள் தட்டை நகர்த்திவிடுவார்கள். மைதானத்தில் வரிசை நிற்காது, சரக்கு விற்காது, சிவப்புக்காரர்களுக்கு இந்த வருடம் புது ஆட்டக்காரனும் வரமாட்டான். ஒன்பது வருடம் பர்கர் வாங்காமல் இருந்து அவரால் முடியாத காரியம், இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும்.

மகள் பென்சிலைக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு, கொடியைத் தூக்கப்போகிற லைன்ஸ்மேன் மாதிரி, அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கப்பா."

"இரும்மா." விழுங்கினார். தன் பாட்டில் தண்ணீரில் ஒரு வாய் குடித்தார்.

"வெளியில மொறுமொறுப்பு சரியா இருக்கு. உள்ள மாவா இருக்கு, பல்லுக்கு வேலையே இல்ல. கறின்னா கொஞ்சம் எதுத்து நிக்கணும். அப்புறம் கடைசியில ஒரு கசப்பு. எண்ணெய்ல வருதா பொடியில வருதான்னு பாரு."

"பொடிதான். எனக்கும் தோணிச்சு."

"தோணிச்சுன்னா ஏன் மாத்தல?"

"எல்லாரும் சூப்பர்னாங்களே."

"எல்லாரும் சிவப்புக் கட்சி. அவனுங்களுக்கு ஏது நாக்கு."

அவள் சிரித்துக்கொண்டே எழுதி முடித்து, பாதி பர்கரோடு தட்டை எடுக்கப் போனாள். அவர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வை. மேட்ச்சுல எவன் சூடா சாப்பிடறான்? வரிசையில நின்னு வாங்கி, படியேறி, சீட்டு தேடி உக்காருவான். உடனே எவனாவது கார்னர் அடிப்பான், இவன் எழுந்து நிப்பான். ஆறிப்போய்தான் வாய்க்கே போகும்."

மெஷின் ரூமில் மோட்டார் சூடு. அவர் தட்டை வெளியே எடுத்துப்போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், காற்று வரும் பக்கமாக வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, அது ஆறுவதற்காகக் காத்திருந்தார்.