டைகருக்குக் காவல் வைத்த கள்ளி

மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர்களுக்கு நான் படும் பாடு புரியும்: வருகிற நோயாளிக்கு வாய் கிடையாது, கூட வருகிறவருக்கு வாய் மூடாது. காரைக்குடியில் நான் வேலை பார்த்தபோது ரங்கூன் கப்பலில் சீமை நாய்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. அன்றோடு போச்சு என் நிம்மதி.

பக்கத்திலேயே தொட்டி

ஒருநாள் காலையில் ஊரில் ஒரு செட்டிநாட்டு ஆச்சி வீட்டு வில்வண்டி வந்து என்னை அள்ளிக்கொண்டு போனது. ஆச்சியின் வீட்டுக்காரர் செட்டியார் ரங்கூனில் இருந்தார். ஆச்சி தனியாக இருக்கிறாரே என்று ஒரு வெள்ளை நாயை அனுப்பியிருந்தார். பேர் டைகர். உருவம் முயல் அளவு.

மூக்கு, நாக்கு எல்லாம் முள். ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்குள் என் கட்டைவிரலில் இரண்டு கடி. பார்த்தால், அது படுக்கும் சாக்கை ஒட்டி ஒரு பீங்கான் தொட்டியில் சப்பாத்திக்கள்ளி! யார் வைத்தது என்று ஆச்சியைக் கேட்டேன்.

"நான்தான் வச்சேன். போறவுக வாரவுக எல்லாம் இதையே பாக்குறாக. திருஷ்டி பட்டுறாதா, கம்பவுண்டரே?"

இடம் மாற்றினார்கள்

தொட்டியை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டே வாரம், மறுபடியும் வண்டி. இந்தத் தடவை முன்னங்காலில் முள். தொட்டி முகப்பிலிருந்து உள்வளவுக்கு, வீட்டின் உள்முற்றத்துக்குப் போயிருந்தது. நாயின் சாக்கும் கூடவே போயிருந்தது!

எனக்கு வந்த ஆத்திரத்தில், "கள்ளிதான் வேணும்னா முள்ளு இல்லாததா வையிங்க ஆச்சி" என்று கத்திவிட்டேன். ஆச்சி அசரவில்லை.

"செடிய மட்டும் அங்குட்டு வச்சா டைகருக்கு யாரு காவல்? அதான் ரெண்டையும் சேத்தே மாத்துனேன்."

முள்ளில்லாத கள்ளி

ஒரு மாதம் கழித்து உச்சிவெயிலில் ஆச்சியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மடியில் டைகர். வாயில் நுரை, வலது கண் வீங்கி மூடியிருந்தது. நான் சொன்னபடியே முள்ளில்லாததாகத் தேடி, திருகுகள்ளி வைத்திருக்கிறார். நாய் அதைக் கடித்துக் குதறியிருக்கிறது.

என் வாயைத்தான் தைக்க வேண்டும். சப்பாத்திக்கள்ளி குத்துவதோடு விடும். திருகுகள்ளிப் பால் கண்ணையே அவித்துவிடும். இது தெரிந்தும் சொல்லாமல் வந்தவன் நான்.

"துணைக்குன்னு அனுப்புனாக. இதுக்குக் கண்ணு போச்சுன்னா அவுகளுக்கு என்னன்னு காயிதம் எழுதுவேன்?" என்று ஆச்சி விம்மினார். டாக்டர் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே, பார்வை திரும்புவது சந்தேகம்தான் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முள்ளு இல்லாததா வைக்கச் சொன்ன புத்திசாலி யாருய்யா?"

பதினோராம் நாள்

பத்து நாள், காலையும் மாலையும், யாரும் கூப்பிடாமல் நானே போய்க் கண்ணைக் கழுவினேன். சோறு இறங்கவில்லை எனக்கு. பதினோராம் நாள் டைகர் அந்தக் கண்ணைத் திறந்தது. வலப்பக்கமாக நான் நீட்டிய விரலைப் பார்த்தது. குறி தவறாமல் கடித்தது. வலியை மீறி எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இதுதான் சமயம் என்று, இனி இந்த வீட்டில் எந்தக் கள்ளியும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நல்லாச் சொன்னீக போங்க! வரவேண்டிய பெரிய கண்டத்த அந்தச் செடியில்ல தாங்கிக்கிருச்சு!"

நாய் இருக்கிற வீட்டில் கள்ளி வைக்கலாமா என்று, வைப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டவர் இன்றுவரை ஒருத்தர்கூட இல்லை.