மக்பால் அடைத்த கதவு

ஒராஸ்பாய்க்கு மக்பாலைக் கண்டாலே வயிறு எரியும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அஸ்தானாவில் எங்கள் மின்விநியோக நிறுவனத்தில் தேநீர் ஊற்றும் பெண்ணுக்குக்கூட இது தெரியும்.

கட்டணம் கட்டும் தளம், புகார் தளம், ஊழியர் விடுப்புத் தளம் என்று எல்லாம் ஓடும் சர்வர்களுக்குப் பல வருடமாக அவர்தான் காவல். புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை அடைக்கும் அப்டேட்டை ஒவ்வொரு சர்வராகத் தன் கையால் போடுவார். முதன்மைக் கடவுச்சொல் அவரிடம் மட்டும்தான். இயக்குநரே வந்து, "ஒராஸ்பாய், கொஞ்சம் திறந்து விடுறீங்களா?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் மனிதர் வேலைக்கே வந்தார் என்பேன்.

பிறகு அல்மாட்டியிலிருந்து மக்பால் வந்தாள். அவர் வாரக்கணக்கில் செய்ததை அவள் எழுதிய நிரல் தேநீர் ஆறுவதற்குள் செய்து முடித்தது.

"பாத்தியா ஷோல்பான், எல்லாரும் அவ மேஜைக்கிட்டயே நிக்கிறாங்க. அங்க என்ன, பவுர்சாக்கா பொரிக்கிறா?" என்றார் என்னிடம்.

"சூடா இருக்கும்போதே நீங்களும் போய் ஒண்ணு எடுத்துக்குங்க," என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நவ்ரூஸ் பண்டிகை முடிந்ததும் கடவுச்சொல் இருவரில் ஒருவரிடம்தான் இருக்கும் என்று இயக்குநர் அறிவித்தார். அன்றிலிருந்து ஒராஸ்பாய்க்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை மகன் எல்டோஸ் வந்து நின்றான். எங்கள் கராகண்டி கிளையில் நிரல் எழுதுகிறவன்.

"நகாஷி மாமா, சனி ஞாயிறு வேலைய வீட்ல இருந்தே முடிச்சிடறேன். சர்வர் நிர்வாகப் பக்கத்த வெளியிலயும் திறக்கிற மாதிரி விடுங்க."

"அது ஆபீசுக்குள்ள மட்டும்தான்டா திறக்கணும்."

"இது என் முதல் கேட்பு, மாமா."

எங்கள் கசாக் வழக்கப்படி, சகோதரி மகன் மூன்று முறை எதைக் கேட்டாலும் தாய்மாமன் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் சொந்தபந்தம் முழுக்கக் காறித் துப்பும். ஒராஸ்பாய் கேட்டபோது அவருடைய மாமா குதிரை கொடுத்தவர். இவன் சுவரில் ஓட்டை கேட்கிறான். ஒராஸ்பாய் திறந்துவிட்டார். ஞாயிறு மாலையே அடைத்துவிடுவதாக எண்ணியிருந்தார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்ததில் மறந்துபோனார்.

திங்கள் காலை மக்பால் எங்கள் மேஜைக்கு வந்து, ஒராஸ்பாயை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"அகா, நிர்வாகப் பக்கம் ஊருக்கே திறந்து கிடந்துச்சு. என் நிரல வச்சே அடைச்சிட்டேன். பதிவெல்லாம் பாத்தேன், வெளியாளு யாரும் உள்ள வரல."

"யாரு திறந்ததுன்னு பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள். தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

மதியக் கூட்டத்தில் அவளே எழுந்து பேசினாள். "ஒரு பக்கம் தவறுதலா திறந்திருந்துச்சு. ஒராஸ்பாய் அகாவும் நானும் சேந்து அடைச்சோம்."

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். "பழைய கை பழைய கைதான்! சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், ஒராஸ்பாய்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். மக்பாலும் தட்டினாள்.

அவள் தட்டியதைப் பார்த்ததும் இவர் முகம் கறுத்தது. விருட்டென்று எழுந்தார்.

"திறந்ததே நான்தான். அடைச்சது அவ மட்டும்."

அன்றே கடவுச்சொல் மக்பால் கைக்குப் போனது. மாடி முழுக்க ஒரே பேச்சு: என்ன நேர்மை, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா! நேர்மையாவது மண்ணாங்கட்டியாவது. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்குத் தெரியாதா? அவள் போட்ட பிச்சையாகச் சாவியை வைத்திருப்பதைவிட இழந்துவிடுவதே மேல் என்று நினைக்கும் அளவுக்கு மனிதருக்குப் பொறாமை.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பார்க்கப் பாவமாக இருந்தது. "விடுங்க, எல்லாரும் உங்களத்தான் மெச்சிக்கிறாங்க," என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவளயும் மெச்சினாங்களா?"

எனக்குப் பொய் வரவில்லை.

"உங்களக் காப்பாத்தப் பாத்தாளே! உங்களவிட ஜாஸ்தியாவே மெச்சினாங்க."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.