சத்தம் போடாத பம்பு

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஊரே அவரை 'எத்தனையடி' என்றுதான் கூப்பிட்டது. முப்பது வருடமாக ஆழ்குழாய்க் கிணறுகளுக்குப் பம்பு மாட்டுகிறவர், யார் வந்து நின்றாலும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். சாவு வீட்டுக்குப் போயும் பின்பக்கக் கிணற்றை எட்டிப் பார்த்து அதைக் கேட்டிருக்கிறார். பதிலும் கிடைத்தது.

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் சமையலும் படுக்கையும். மற்றதில் மகளின் கம்ப்யூட்டரும் மனைவியின் மைக்கும். இனிமேல்தான் கட்டப்போகும் கட்டடங்களைக் கட்டி முடித்தது போலவே படமாக்கித் தருவது மகளின் வேலை. ஒரு படம் முடிய அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி இரண்டு நாள் நிற்காமல் ஓட வேண்டும். மனைவி, பார்வையில்லாதவர்களுக்கான நூலகத்துக்கு நாவல் வாசித்துப் பதிவு செய்கிறவள். பெட்டியின் காற்றாடி இரைச்சலால் இரண்டு அத்தியாயங்கள் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் வந்தால் புத்தகம் வேறொருவருக்குப் போய்விடும்.

"நான் வெளியூர்ல ரூம் பாத்துக்கறேம்பா," என்றாள் மகள்.

"நீ எதுக்குப் போகணும்? நான் படிக்கறத விட்டுடறேன்," என்றாள் தாய்.

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க முண்டியடித்தார்கள். மகள் இல்லாத வீட்டில் எத்தனையடிக்குச் சோறு இறங்காது. வாசிப்பதை விட்டுவிட்ட மனைவியோடு இருக்கவோ பயமாக இருந்தது.

காற்றாடிக்குப் பதில் பெட்டிக்குள் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை இறக்கலாம், அதற்கு ஒரு பம்பு வேண்டும் என்று மகள் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பம்பா? அத எங்கிட்ட விடு. எத்தனையடி ஏறணும்?"

"ஒன்னரை அடிப்பா."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படியொரு அவமானமான பதிலை அவர் கேட்டதில்லை.

ஒன்றரை அடிக்கென்று வாங்க மனசு வராமல், கடையில் இருந்ததிலேயே பெரிய பம்பை வாங்கி வந்தார். கொசு அடிக்கக் கோடாலி. மேசை நடுங்கியது. மேலே இருந்த பேனா தானாக நடந்துபோய்க் கீழே விழுந்தது.

மாற்றுப் பம்பு கையில் இல்லாமல் அவர் எந்த வேலைக்கும் போனதில்லை. ஆகவே அடுத்து இரண்டு சின்னப் பம்புகளைச் சேர்த்து மாட்டினார். தனித்தனியாக இரண்டும் பரம சாது. சேர்ந்து ஓடினால் வேகம் இம்மியளவு வித்தியாசப்பட்டு, உறுமல் ஏறி ஏறி இறங்கியது. மனைவியின் குரலும் கூடவே ஏறி இறங்க, கதையில் ஒருவன் செத்துப்போகும் இடம் தாலாட்டாக வந்து முடிந்தது.

கடைசியில் ஒரே ஒரு சின்னப் பம்பு, பாதி வேகம், அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். குண்டூசி விழுந்தால் கேட்கும்.

மறுநாள் பதிவை அனுப்பியாக வேண்டும். அத்தியாயம் முழுவதையும் வாசித்து முடித்த மனைவி, அதைப் போட்டுக் கேட்டாள். உறுமல் இல்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கதவு 'கிரீச்' என்றது.

சத்தம் போடாத பம்பு எத்தனையடியைப் பொறுத்தவரை செத்த பம்பு. பம்பு நின்றால் மகளின் பெட்டி வெந்துபோகும். அதனால் அவர் அடிக்கடி வந்து, ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"பூனை மாதிரி வர்றதா நெனப்பு உங்களுக்கு," என்றாள் மனைவி. "போகவும் வேணாம், வரவும் வேணாம். இங்கயே உக்காருங்க."

பெட்டியருகே உட்கார்ந்து, தண்ணீர் ஓடும் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டார். லேசான அதிர்வு தெரிந்தது. அவள் முதலிலிருந்து வாசித்தாள். மோட்டார் இரைச்சலிலேயே காலம் தள்ளியவர், அவள் வாசித்து ஒரு பக்கம்கூடக் கேட்டதில்லை. கதையில் ஒரு அக்கா, காணாமல்போன தம்பியிடமிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தியாயம் முடிந்தது.

மனைவி பதிவைப் போட்டுக் கடைசிவரை கேட்டாள். பம்பும் இல்லை, கதவும் இல்லை.

"அனுப்பிடலாம்," என்று அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த மகளிடம் சொன்னாள். "நீ எங்கயும் போக வேணாம்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "பம்பு ஓடுதா?"

குழாயிலிருந்து கையை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

"அது ஓடும். அந்தப் பொண்ணு கடுதாசியப் பிரிச்சாளா இல்லையா?"

"அது அடுத்த அத்தியாயம்."

"அப்ப மைக்கப் போடு," என்றார்.