ஒற்றைக்குழல் துப்பாக்கி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் துப்பாக்கி எண்ணெய் வாடை அடிக்கும். என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தபின் ஒரு வங்கியில் காவலுக்கு இருந்தார். அந்த வேலைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. வேலை முடிந்து வீட்டோடு வந்த பிறகும் அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. பழைய போர்வையை விரித்து, குழலைக் கழற்றி, கம்பியில் துணி சுற்றி இழுப்பார். துணி அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை விடமாட்டார். மெல்லிசாக எண்ணெய் பூசிய பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் வேர்வை பட்டாலே துரு ஏறிவிடுமாம். தோல் உறை ஈரத்தை இழுக்கும் என்று அதைத் தனியே தொங்கவிட்டிருந்தார். செருப்புப் பெட்டிக்குள் வரும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி பீரோவுக்குள் போட்டுவைப்பார். துப்பாக்கி அங்கே சுவரோடு சங்கிலியில் பூட்டிக் கிடக்கும். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு இரும்புப் பெட்டியில். அந்தச் சாவி என்னிடம்.

"ரெண்டு சாவியும் ஒரு ஆளுகிட்ட இருக்கக்கூடாது. அது நானா இருந்தாலுந்தான்" என்பார்.

மறதி மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் கடைக்குப் போனவர் தெரு தெரியாமல் நின்றார். பிறகு மகன் பெயர் போனது. ஒருநாள் மதியம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் கேட்டைத் திறந்த சத்தம் கேட்டு, துப்பாக்கியோடு வாசலுக்கு வந்துவிட்டார். அதில் தோட்டா இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடிய பிறகு, அவர் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"பெட்டிச் சாவியக் குடு."

"தரமாட்டேன்" என்றேன். முப்பது வருசக் குடித்தனத்தில் அந்தச் சாவியை அவர் கேட்டதுமில்லை, நான் மறுத்ததுமில்லை.

மகன் வந்து, துப்பாக்கியை ஒரேயடியாக ஒப்படைத்துவிட எழுத வேண்டியதை எல்லாம் ஸ்டேஷனுக்கு எழுதினான். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. திரும்பி வரும்போது துரு பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் புலம்புவார். அதனால் ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னதும், எலெக்‌ஷனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அவரே நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்த போலீஸ்காரர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறதே என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. மறுபடி அது வீட்டுக்கு வராது என்று அவருக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாளே எல்லாம் மறந்து போனார். துப்பாக்கி காணாமல் போனது மட்டும் மறக்கவில்லை. பீரோவைத் திறப்பார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பார், வியர்த்துப்போய் உட்கார்ந்துவிடுவார். இத்தனை காலம் காத்துவிட்டுக் கடைசியில் களவு கொடுத்துவிட்டோமே என்ற வேதனை. ஸ்டேஷனில் பத்திரமாக இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது.

நேற்றுச் சாயங்காலம் காபி கொண்டுபோனேன். என்னை யாரோ பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டார். வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"யம்மா, துப்பாக்கி களவு போயிருச்சு. எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க. தெரிஞ்சா பயந்துருவா."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.